மின்கம்பத்தடியில் எரிமலை

நவம்பர் 18
காலை மழை. ஈரத்துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில். தாலுகா ஆபீசிலிருந்து கல்லூரிக்கு போன்: திசையன்விளைப் பக்கம் ஓர் ஊரில் எரிமலை. எரிமலைப் பாடம் எடுப்பவள் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

மின்கம்பத்தடியில் செம்மண் உருகி, கறுப்புக் கண்ணாடியாக இறுகிக் கிடக்கிறது. நடுவில் இன்னும் கனல். கம்பத்திலிருந்து மின்சாரம் ஈர மண்ணில் இறங்குகிறது. அவ்வளவுதான். ஆனால் கனல் அணைந்தாலும் கிட்டே கால் வைத்தால் சாவு. ஊரார் தள்ளிச் சுற்றிலும் மஞ்சள் துணி கட்டி, தூர நின்று கும்பிடுகிறார்கள். ஒரு குழந்தைகூட நெருங்கவில்லை.

"எரிமலையும் இல்ல, சாமியும் இல்ல. கரண்டு கசியுது. லைன நிறுத்துற வரைக்கும் யாரும் கிட்ட போகாதீங்க" என்றேன்.

"அப்போ மூட்டையக் கட்டி ஊர விட்டுப் போக வேண்டாங்கீய?" டீக்கடை அண்ணாச்சி. கூட்டத்தில் சிரிப்பு. முதல் வாக்கியம் மட்டும் காதில் ஏறியிருக்கிறது.

கம்பத்தை ஒட்டிய வீடு செல்லக்கனியுடையது. ஆடு வளர்ப்பவள். "நேத்து அடுப்பே பத்த வைக்கல டீச்சர். இப்பதான் உசுரு வந்துச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நவ. 19
விடாத மழை. கரண்டு ஆபீசுக்குத் திரும்பத் திரும்ப போன். "எழுதிக் குடுங்க மேடம், ஆள் வரும்." கொடுத்தேன். தாலுகா ஆபீசில் வேலி, பலகை, காவலுக்கு ஒருவர் கேட்டேன். "எரிமலை இல்லன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

நவ. 20
மறுபடி போனேன். வேலி இல்லை. மஞ்சள் துணியையும் காணோம். கனல் அணைந்துவிட்டது. செல்லக்கனியின் ஆடுகள் கம்பத்தை நெருங்கி மேய்கின்றன. கத்தினேன். செல்லக்கனி வெளியே வந்தாள்.

"கரண்டு எங்க வீட்லயுந்தான் இருக்கு டீச்சர். கடிக்கவா செய்யுது?"

துணியையாவது திரும்பக் கட்டு என்றேன்.

"சாமி இல்லன்னு நீங்கதான சொன்னீய. வெறுங்கம்பத்துக்கு எதுக்குத் துணி?"

சாமி இருக்கிறது, கோபமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. படித்த படிப்பு விடவில்லை. ஈர மண், மின்னழுத்தம் என்று விளக்கினேன். தலையாட்டினாள். பஸ் ஏறினேன்.

நவ. 21
காலையில் போன். ஆடு ஒன்று கம்பத்தடியில் சுருண்டு விழுந்ததாம். தூக்கப் போனாளாம்.

செல்லக்கனி.

லைனை உடனே நிறுத்திவிட்டார்கள். நான் போனபோது ஏணி, வண்டி, ஆள், எல்லாம் வந்திருந்தது.

அவள் கணவர் எழுந்து வந்தார். திட்டட்டும் என்று நின்றேன்.

"கரண்டுங்காங்க. அவ அவ்வளவு விவரங்கெட்டவ இல்ல. அம்மன்தான் கூப்பிட்டுக்கிட்டா. என்ன டீச்சர்?"

கரண்டு ஆபீஸ்காரர் என் வாயையே பார்த்தார்.

ஆமாம் என்றேன்.