சாமி படத்துக்குப் பின்னால் தோட்டாக்கள்

2024 நவம்பர் 9
சாமி அறையைத் துடைக்கும்போது கருப்பசாமி படத்துக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே அய்யாவின் தோட்டாக்கள். ஒரு முழம் தள்ளி விளக்கு எரிகிறது! ராணுவத்திலிருந்து வந்தபின் அவருக்கு வங்கியில் காவல் வேலை. சொந்தத் துப்பாக்கி இருப்பதால்தான் அந்த வேலையே. பெற்ற மகள் கேட்டால், “அங்கன எவனும் கை வைக்க மாட்டான் தாயி” என்கிறார்.

இதன் பக்கத்தில் நின்றா இத்தனை வருடம் திருநீறு பூசிக்கொண்டேன்?

நவம்பர் 11
கமுதியில் இரும்புப் பெட்டி வாங்கி, பின்கட்டு அறையில் தோட்டாக்களை வைத்துப் பூட்டினேன். துப்பாக்கி தனியாக பீரோவில். அய்யா வந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 17
வீட்டுக் காப்பீட்டுப் படிவத்தில் ‘வெடிக்கும் பொருள் உண்டா?’ என்று ஒரு கேள்வி. ஏஜென்ட் கூத்தையா மாமா ‘இல்லை’ போடச் சொன்னார். நான் ‘உண்டு’ என்று எழுதி துப்பாக்கி உரிம எண்ணையும் சேர்த்தேன்.

“ஏம் மருமகளே, பீரங்கி எத்தனைன்னும் எழுதிரு!”

அய்யா சிரிக்கவில்லை. “இத வச்சு லைசென்ஸுக்கு வினை வந்தா என் வேலை போச்சு. நீ படிச்ச புத்தகமா சோறு போடும்?”

அவர் பயம் நியாயம்தான். இருந்தும் பொய் எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 29
பாலிசி வந்துவிட்டது. துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியே பூட்டியிருக்க வேண்டும் — நிபந்தனை அவ்வளவுதான். அய்யாவிடம் காட்டினேன். “ம்.”

டிசம்பர் 14
நேற்று கார்த்திகை. அகல் சரிந்து, சாமி அறைத் திரை பற்றி, பரண் வரைக்கும் தீ. தீயணைப்பு வண்டி வந்ததும் தெருவே கத்தியது: “துப்பாக்கிக்காரர் வீடு! தோட்டா வெடிக்கும், உள்ள போகாதீக!” வீரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஐயோ, நின்ற அந்த நிமிஷம்—

அய்யா முன்னால் போனார். “தோட்டா அந்த அறையில இல்ல. பின்கட்டுல பூட்டிக் கெடக்கு. எம் மக மாத்தி வச்சிட்டா.”

குழாயோடு உள்ளே ஓடினார்கள். தீ அந்த ஓர் அறையோடு நின்றது. யாருக்கும் காயமில்லை. பெயர் தெரியாத அந்த நாலு பேருக்கும் நன்றி. என் பேச்சைக் கேட்ட அய்யாவுக்கும்.

டிசம்பர் 20
காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் வந்து படிவத்தையும் பெட்டியையும் பார்த்தார். “எழுதுனதும் இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு. பணம் வந்துரும்.” லைசென்ஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அய்யா வழக்கம்போல வேலைக்குப் போனார்.

2025 ஜனவரி 5
அய்யாவோடு காவல் வேலை பார்க்கும் சோணைமுத்து அண்ணன் ஒரு காப்பீட்டுப் படிவத்தோடு வந்தார். அய்யாதான் கூட்டி வந்திருக்கிறார். “எம் மக எழுதித் தருவா. உள்ளத உள்ளபடி சொல்லு.”

தோட்டா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். “அரிசிப் பானையில.”

அய்யா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? சோத்துப் பானையிலயா வைப்பான் தோட்டாவ?”

நான் தலை நிமிராமல் எழுதினேன்.