முதலில் திரையைக் கண்டுபிடித்தவர்கள்

தாராவி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

சலாத்தோடு சஃபீனா எழுதுவது. இங்கே நானும் அதீபாவும் சுகம். தம்மாமில் வெயில் தணிந்ததா? லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பும் அஸாருதீன் கையில் இந்தக் கடிதத்தோடு நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து விட்டிருக்கிறேன். ரூமில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்பீர்கள். இது நம் மகள் முன்னால் சொல்ல முடியாத விஷயம். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

போன வாரம் சயானில் அவளுடைய காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. வேற்றுக்கிரகத்தில் இருப்பவர்கள் என்னென்ன கருவி செய்வார்கள் என்பது தலைப்பு. மற்றப் பிள்ளைகள் ராக்கெட்டும் துப்பாக்கியுமாகக் கொண்டுவந்திருந்தார்கள். உங்கள் மகள் நம் சந்து பிளாஸ்டிக் பட்டறையில் ஒரு நீல டிரம்மைக் கேட்டு வாங்கி, உள்ளே கறுப்புத் துணி ஒட்டி, சீரியல் பல்பு தொங்கவிட்டு, மேலே தெர்மாகோல் மூடி போட்டிருந்தாள். பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் கடலாம். அவள் கையால் சொல்லச் சொல்ல, வந்தவர்களுக்கு நான் ஹிந்தியில் சொன்னேன்.

தண்ணீருக்குள் நெருப்பு எரியாது. அதனால் அவர்களுக்கு இரும்பு கிடையாது, இன்ஜின் கிடையாது. நாம் வெட்டி, உருக்கி, ஒட்டுகிறோம், அவர்கள் வளர்க்கிறார்கள். சிப்பிக்குத் தீனி போட்டு, இந்தப் பக்கம் வளை, அந்தப் பக்கம் வளை என்று பழக்கி வீடு ஆக்குகிறார்கள். ஒருவர் ஆரம்பித்த வீட்டில் அவருடைய பேரன்தான் குடியேறுவான். வானத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. நம் ஆட்கள் ஒருநாள் பனிக்கட்டியைத் துளைத்து விளக்கோடு ஒரு மெஷினை இறக்கினால், யாரோ மூச்சு விடாமல் கத்துகிறார்கள் என்று பயந்து ஒதுங்குவார்களாம். ஏனென்றால் அவர்களுக்கு வெளிச்சம்தான் பேச்சு. உடம்பை மினுக்கித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள்.

அவளைக் கூப்பிட நான் ட்யூப்லைட்டை அணைத்து அணைத்துப் போடுவேனே, அங்கிருந்து எடுத்திருக்கிறாள். நான் பெற்ற பிள்ளை, நான் கனவிலும் போகாத இடத்துக்குப் போய்விட்டு வந்து நிற்கிறாள்.

பார்க்க வந்த ஓர் அம்மா, அவர்கள் முதன்முதலில் கண்டுபிடித்தது எது என்று கேட்டார். அதீபா யோசிக்கவே இல்லை. திரை என்றாள். மனதில் இருப்பதெல்லாம் உடம்பில் மின்னித் தெரிந்துவிடும். மறைக்க ஒன்று வேண்டாமா? நமக்கு நெருப்பு எப்படியோ, அவர்களுக்குத் திரை அப்படி. அந்த அம்மா குனிந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். அப்போது அதீபா எனக்கு மட்டும் தெரியும்படி கையைச் சின்னதாக அசைத்தாள். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் திரை இல்லை, என்னை எப்போது ஹாஸ்டலுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள். அதை நான் ஹிந்தியில் சொல்லவில்லை.

திருநெல்வேலி ஹாஸ்டலில் கையசைக்க விடமாட்டார்கள், வாயசைத்துப் பேசப் பழகிவிடுவாள் என்று நீங்கள் வீடியோவில் சொல்லும்போதெல்லாம் நாம் என்ன செய்தோம்? குரலைத் தாழ்த்திக்கொண்டோம். காது கேளாத பிள்ளைக்கு முன்னால் குசுகுசுத்த புத்திசாலிகள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். முகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

நமக்குப் பிறகு அவளோடு யார் பேசுவார்கள் என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கையைக் கட்டிப்போட்டால் அந்தக் கடலை அவள் எப்படிச் சொல்லுவாள்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஒன்று செய்யுங்கள். வெளிச்சம் விழும் பக்கமாக உட்காருங்கள். ஐந்து விரலையும் ஒன்றாகக் குவித்து, மெல்ல விரியுங்கள். விளக்கு எரிகிறது என்று அர்த்தம். அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. நீங்கள் அவளை அந்தப் பெயரில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. ஹாஸ்டலைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். மீதியை உங்கள் முகத்தில் அவளே படித்துக்கொள்வாள்.

ரப்பு உங்களுக்கு நல்ல சுகத்தையும், நாங்கள் கேட்பதைத் தரும் மனதையும் கொடுக்கட்டும்.

உங்கள்
சஃபீனா