புது உறையில் பழைய மூச்சு

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம், கடையும் ஓடுகிறது. நீயும் நலம் என்று போனில் சொன்னாய். அதைத்தான் நம்ப முடியவில்லை.

உன் ஆல்பம் வந்து சேர்ந்தது. போன மாதம் உட்கார்ந்து புதிதாக வாசித்தது என்றாய். உறையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், தேதியே இல்லை. தேதி போடாத பெயின்ட் டப்பாவை நான் கடைக்குள் ஏற்றுவதில்லை, உனக்குத் தெரியும். ஜாஸ் வேறு சரக்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டுக் கேட்டேன். ஒரு பாட்டு தொடங்கும் முன் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளத்தை எண்ணுகிறான். நம்ம தாடி, உன் டிரம்ஸ்காரன். அவன் சாவுக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே போனோம்? செத்தவன் போன மாதம் வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனானா?

கம்பெனிக்காரன்தான் பழைய பதிவுகளைத் தூசி தட்டி உனக்குத் தெரியாமல் விற்கிறான் என்று முதலில் நினைத்தேன். போனில் பிடித்து வெளுத்து வாங்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய பதிவுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்ததே நீதான் என்றான். புதிதாக வாசிக்கலாமே என்று அவன் கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டாயாம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வீடியோவில் கூப்பிட்டால் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். ஆல்பத்தின் மேலும் உன் முகம் இல்லை, சாக்ஸபோன் மட்டும் நாற்காலியில் கிடக்கிறது. நீ போனில் பேசிய அன்றைக்கே உன் அண்ணி கேட்டாள்: “தம்பி பேச்சு ஒரு பக்கமா இழுக்குதுங்க, கவனிச்சீங்களா?” பல் வலியாக இருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. இப்போது நானும் நம்பவில்லை.

உதடு இறுகப் பிடிக்காவிட்டால் சாக்ஸபோனில் வெறும் காற்றுதான் வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் நேராகவே கேட்கிறேன். வாய் கோணிவிட்டதா? எப்போதிலிருந்து? டாக்டரிடம் போனாயா, இல்லை அவருக்கும் ஏதாவது கதை சொல்லிவிட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார். வாசித்துக் காட்டு என்று கேட்க மாட்டேன், முகத்தைக் காட்டினால் போதும். காட்டாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு உன் வாசலில் வந்து நிற்பேன்.

எல்லாம் சரியாகிவிடும். அதுவரை எதையும் ஆறவைத்துக் குடி. ஒரு பக்கமாக வழிந்து சுட்டுவிடும் என்று அண்ணி பயப்படுகிறாள்.

உன் அண்ணன்