ஒரு முழம் கேபிள்

துன்முகி வருடம், ஐப்பசி 14, செவ்வாய்.

மாமல்லபுரக் கரையிலுள்ள வயர்லெஸ் கொட்டகைக்கு இன்று என்னை அழைத்தார்கள். செங்கல்பட்டில் முப்பது வருடம் பௌதிகம் கற்பித்தவன் என்பதற்காக. மதராஸிலிருந்து வரும் புயல் அறிவிப்பு ஒரே இரைச்சல். படகு இறக்கலாமா என்று மீனவர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

வயர்லெஸ் பெட்டியில் பழுதில்லை. ஏரியலிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளின் பிளக்கைக் கழற்றினேன். நடுக்கம்பியைச் சுற்றிய செம்பு வலை உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை நறுக்கினேன். ஒரு முழம் போயிற்று. கேபிள் பெட்டிக்கு எட்டவில்லை.

"இன்னா வாத்தியாரே, ரிப்பேரு பண்ண வந்தியா, கேபிள துன்ன வந்தியா?" என்றார் ஆபரேட்டர் கபாலி.

பெட்டி இருந்த மேசையைக் கேபிள் பக்கம் நகர்த்தச் சொன்னேன். வலையின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடாதபடி சீவி மடித்து, பிளக்கில் பற்றவைத்து, மீட்டரில் மூன்று முறை சோதித்தேன்.

நாலு மணிக்கு மதராஸ் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் வந்தது. புயல்தான். படகுகள் இறங்கவில்லை.

"மேசை இனிமே அங்கியே கெடக்கட்டும் வாத்தியாரே," என்றார் கபாலி.

பெருமைப்படலாமா என்று தெரியவில்லை. படுகிறேன்.

மழை பிடித்துவிட்டது. கேபிளின் ஏரியல் பக்கத்து முனைக்கு, நீர் இறங்காதிருக்க, மெழுகு பூசினேனா? பூசினேன். விரலில் இன்னும் ஒட்டியிருக்கிறது.