இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மறுபுறம்

பெட்டியைத் திறந்ததும் தும்மல் வந்தது, சார். உங்கள் அறைக்குக் கீழே அண்ணாச்சியின் மிளகாய் மண்டி. இருபது வருஷமாக அந்தக் காரம் பலகைத் தரை வழியாக ஏறி உங்கள் காகிதங்களில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகியும் நெடி போகவில்லை. ராயபுரத்தில் உங்கள் மாடிக்கு வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் வணக்கம் சொல்வார்கள். நீங்கள் ஒருவர்தான் தும்மாமல் அங்கே வாழ்ந்தவர்.

கல்லூரி நூலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மறைந்த தத்துவப் பேராசிரியரின் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வைக்கப் போகிறார்களாம். பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். உங்கள் பெரியப்பா மகனான அண்ணாச்சிக்கு அது ஒரு தலைவலி. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இந்தக் குப்பைய காலேஜ்காரன் கேக்கான். இதுக்குக் காயிதம் கொண்டாந்து போட்டது நீருதான வே? நீரே பிரிச்சுக் குடும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நான் உங்கள் மாணவன் இல்லை. கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து ஒவ்வொரு தூக்குக்கும் எத்தனை உருப்படி இறங்குகிறது என்று வெயிலில் நின்று எண்ணி எழுதுகிற வேலை. கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதுவோம். மேல் பிரதி கம்பெனிக்குப் போகும். கீழ்ப் பிரதி ஷெட்டில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டுப் பொட்டலம் மடிக்கிறவனுக்குப் போகும். யுத்தக் காலத்தில் நீங்கள் எழுதக் காகிதம் கிடைக்காமல் அலைந்தபோது, அந்தக் கீழ்ப் பிரதிகளை உங்களுக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் வெள்ளை; அங்கங்கே ஊதா மசி ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமைக்கு ஒரு கட்டு. நான் படி ஏறி வருவதைப் பார்த்ததும், "வாரும் வே, இந்த வாரம் எத்தன டன் தத்துவம்?" என்று கேட்பீர்கள்.

கட்டை வைத்துவிட்டு நான் சண்டைக்கு உட்காருவேன். அதற்காகத்தான் வந்தேன் என்றும் சொல்லலாம். கீழே மூட்டை தூக்குகிறவன் நாற்பது வயதில் இரத்தம் கக்குகிறான், நீங்கள் மாடியில் உட்கார்ந்து காரணம், காரியம் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்களே என்பேன். உங்களுக்குக் கோபம் வராது. ஒரு நாள் சொன்னீர்கள்: "காரணம்ங்கது சங்கிலி வே. எந்தக் கண்ணியில நாம கைய வைக்கோமோ, அங்கதான் குத்தவாளி பொறக்கான்." இன்று அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல். கப்பலிலிருந்து இரும்புப் பாளம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு தூக்குக்குப் பத்துப் பாளம் என்பது கணக்கு. அன்று மாலைக்குள் கப்பலைக் கிளப்பியாக வேண்டுமென்று மேஸ்திரி தூக்குக்குப் பதினெட்டு கட்டச் சொன்னான். பாரம் தூக்குகிற விஞ்சு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணி கையைத் தூக்கி, தாங்காது என்று கத்தினான். நீ ஓட்டு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் மேஸ்திரி. தூக்கின் கணக்கு மாறினால் டேலி காகிதத்தின் ஓரத்தில் மேஸ்திரி சுருக்கொப்பம் போட வேண்டும். அது எங்கள் வழக்கம். நான் நீட்டினேன், அவன் போட்டான். அப்படிக் கட்டிய ஐந்தாவது தூக்கில் தாம்பு அறுந்தது. கீழே நின்ற சவரிமுத்து செத்தான். சவரிமுத்து அந்தோணியின் மச்சான். அந்தோணி கட்டியிருக்கிற லூர்துவின் ஒரே தம்பி.

மறுநாள் கம்பெனி மேல் பிரதியை வாங்கிக்கொண்டு போய் வேறு எழுதியது. எல்லாத் தூக்கும் பத்து. விஞ்சை அசட்டையாக வெட்டி இழுத்தான் என்று அந்தோணி மேல் வழக்கு. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழ்ப் பிரதி ஷெட்டில் இருந்தால் கேட்பார்கள், என் வேலை போய்விடும் என்று பயந்தேன். சனிக்கிழமை அதையும் சேர்த்துக் கட்டி உங்கள் மாடியில் கொண்டுவந்து போட்டேன். வழக்கம்போல் நீங்கள் அதன் முதுகில் எழுதத் தொடங்கினீர்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தோணி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். விசாரணை நெருங்கிவிட்டது. வக்கீல் ஒரே ஒரு காகிதம் கேட்கிறார். அதைவிட அவனுக்கு வேறொன்று பெரிதாக இருந்தது. "ஜெயிலுக்குப் போனா போறேன் நைனா. வூட்ல அவ என்ன ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்றா. அவ தம்பிய நான் கொன்னுட்டேன்னு நென்ச்சிகினு கீறா. அந்தக் காயிதம் மட்டும் கெட்சா போதும்" என்றான்.

அன்று சாயங்காலமே உங்களிடம் ஓடி வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கம்பெனி முதலாளி உங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருக்கிறார் என்று நீங்கள்தான் அன்று எனக்குச் சொன்னீர்கள். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு, "தேடுவோம் வே" என்றீர்கள்.

மூன்று சாயங்காலம் தேடினோம். நானூறு பக்கத்துக்கு மேல். ஒவ்வொன்றாகத் திருப்பி, தேதி பார்த்து, கப்பல் பெயர் பார்த்து வைத்தோம். கீழே மிளகாய் மூட்டையைப் புரட்டிப் போட்டார்கள். தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வந்தது. முதல் நாளே நீங்கள் வேலையைப் பிரித்தீர்கள். "நடுக்கட்ட நான் பாக்கேன். நீரு முன்னையும் பின்னையும் பாரும்" என்றீர்கள். மூன்றாம் நாள், "இல்ல வே. எலி தின்னுருக்கும்" என்றீர்கள்.

நான் நம்பினேன். அந்தோணியிடம் போய் எலி என்றேன். அவன் சிரித்தான். "எலிக்கு அந்த ஒரு காயிதம்தான் ருசியா கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஆறு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்த பிறகு துறைமுகத்தில் எந்த விஞ்சையும் அவனைத் தொட விடவில்லை. காசிமேட்டில் கட்டுமரம் இழுத்து ஏற்றுகிற வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது பட்டியல். உங்கள் உத்தியோக வாழ்க்கை பதினாறு வரியில் அடங்கிவிட்டது சார். டியூட்டராகச் சேர்ந்த உத்தரவு. விரிவுரையாளர். உதவிப் பேராசிரியர். துறைத் தலைமைக்கு விண்ணப்பம் போட்டுக் கிடைக்காமல் போனதற்கு மூன்று பதில்கள், மூன்றும் ஒரே வாசகம். இருபத்தாறு வருஷப் பாடக் குறிப்புகள், ஒரே பாடம் வருஷாவருஷம் திருத்தப்பட்டு. வந்த கடிதங்கள் இரண்டு கட்டு. கடைசியில், பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் நியமனம். அந்த உத்தரவின் தேதியை இரண்டு தடவை படித்தேன். அந்தோணிக்குத் தீர்ப்பு சொன்ன வாரத்துக்கு அடுத்த வாரம்.

தற்செயலாக இருக்கலாம் என்று எழுதிக்கொண்டே போனேன். உங்கள் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை எண்ணினேன். எல்லாம் டேலி காகிதத்தின் முதுகு. இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் புதுத் தாள். கெட்டியான, கோடு போட்ட நல்ல தாள். அதே கையெழுத்து, மசி மட்டும் வேறு. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. பார்த்து எழுதியது என்று உடனே தெரிந்தது.

அசல், பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைக்குக் கீழே ஒரு நீள உறையில் இருந்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தில் அந்தோணியின் வக்கீல் விலாசம். ராஜா தலை போட்ட தபால்தலை ஒட்டியிருந்தது. தபாலாபீஸ் முத்திரை இல்லை.

மடித்த காகிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம், செயலுக்கும் விளைவுக்கும் நடுவே மனிதனின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற உங்கள் வாதம். மறு பக்கம், என் கையெழுத்தில் வரிசையாகப் பத்துகள், அதற்குப் பிறகு பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. அதற்கடுத்த கட்டத்தில் எண் இல்லை. ஓரத்தில் மேஸ்திரியின் சுருக்கொப்பம், கார்பனில் நன்றாகவே விழுந்திருந்தது.

உங்களை எவ்வளவு திட்டினேன் என்று எழுத மாட்டேன். அண்ணாச்சி கீழேயிருந்து, "அங்க யாருகூட வே சண்டை?" என்று குரல் கொடுத்தார். திட்டி முடித்த பிறகும் ஒன்று புரியவில்லை. மறைக்க நினைக்கிறவன் கிழித்துப் போடுவான். நீங்கள் பக்கத்தைப் புதிதாக எழுதி, அசலை விடுவித்து, விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டியிருக்கிறீர்கள். தபால் பெட்டி உங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளித்தான். அந்த நாலு கடை தூரத்தை உங்களால் நடக்க முடியவில்லை. அப்புறம் சாகும்வரை கிழிக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காசிமேட்டுக்குப் போனேன். அந்தோணி வாசலில் உட்கார்ந்து கயிற்றுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். லூர்து உள்ளே அடுப்பருகில். தம்பி செத்ததிலிருந்து அவள் அவனுக்குச் சோறு போடுவாள், பேச மாட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. நான் வாசலில் நின்றபடி வாசித்தேன். கப்பல் பெயர், தேதி, மணி. முதல் பன்னிரண்டு தூக்கு, பத்து. பிறகு பதினெட்டு. மேஸ்திரியின் ஒப்பம். அந்தோணி தலை நிமிரவே இல்லை. பூசின இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருந்தான். லூர்து ஈரக் கையோடு எழுந்து வந்தாள். காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு எய்துனது இது?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

"நீ கண்ணால பாத்து எய்துனே?"

ஆமாம் என்றேன்.

"அப்பால காயிதம் இன்னாத்துக்கு? உன் வாய் எங்க பூட்ச்சு?"

அவள் கத்தவில்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு காகிதத்தை என்னிடம் திருப்பித் தராமல் உள்ளே போனாள். போகிற வழியில் அந்தோணியின் தோளைத் தொட்டு, "சோறு ஆறிப் பூடும், ஏந்து வா" என்றாள். அவன் தார்ச் சட்டியைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அவர்களிடம் உங்கள் பெயரைச் சொல்லவில்லை சார். காகிதம் எங்கே இருந்தது என்று அவர்கள் கேட்கவும் இல்லை. போகும்போது வழியெல்லாம் சொல்லத் துடித்துக்கொண்டுதான் போனேன். சொல்லியிருந்தால் என் பங்கு பாதியாகக் குறைந்திருக்கும். அந்த மூன்று சாயங்காலமும் நாம் இரண்டு பேரும் தேடினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒளித்தீர்கள். நான் காகிதம் கிடைத்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே தேடினேன். கிடைக்காவிட்டால் கோர்ட்டில் ஏறி நின்று என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எலி தின்றுவிட்டது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் லேசாகிவிட்டது. அதை அன்று கோபமாக மாற்றிக் கம்பெனியைத் திட்டினேன். திட்டுவது எனக்கு நன்றாக வரும்.

பட்டியலை முடித்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே, "ஆசிரியரே பெயர்த்தெழுதியது, அசல் காசிமேட்டில் உரியவரிடம் உள்ளது" என்று எழுதியிருக்கிறேன். அண்ணாச்சி படித்துவிட்டு, இதென்ன வம்பு, அடித்துவிடும் என்றார். அடிக்க மாட்டேன் என்றேன். நாளைக் காலை அந்தோணியைக் கூட்டிக்கொண்டு அந்த வக்கீலைப் பார்க்கப் போகிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தக் காகிதத்தை யார் மதிக்கப் போகிறார்கள் என்று அவர் கேட்பார். கேட்கட்டும். கண்ணால் பார்த்ததை என் வாயால் சொல்லத்தான் போகிறேன். காகிதத்தை லூர்து தருவாளோ மாட்டாளோ, அதை நான் அவளிடம் கேட்கப் போவதில்லை.