துரைக்கு மூச்சு வாங்குகிறது

ஜூன் 9, திங்கள்

காலையில் தூறல். துணி காயவில்லை. பள்ளி திறந்து சில நாள்தான். ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னமே மறந்துபோய்விட்டது.

துரைக்கு மறுபடி இருமல். தரையோடு தரையாகக் குந்தி, கழுத்தை முன்னால் நீட்டி, வறட்டு இருமல். வாந்தி எடுப்பான் என்று பழைய பேப்பரை விரித்தேன். ஒன்றும் வரவில்லை. நேற்று இரண்டு தடவை, இன்று நான்கு. உடம்பை நக்கி முடியை விழுங்கியிருப்பான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவர் இருந்திருந்தால் இந்நேரம் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் கிளம்பியிருப்பார். ஒகேனக்கல் பஸ் ஸ்டாண்டில் மீன் வறுக்கும் கடை ஓரம் கிடந்த குட்டி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் துண்டில் சுற்றி வைத்துப் பென்னாகரம் வரை ஓட்டி வந்தார். “சூடா இருக்குதுல்ல, அதான் சத்தமே போடல” என்றார். ஏழு வருடம் ஆகிறது. அவர் போய்ப் பத்து மாதம்.

மாலை 7. வழக்கம் போல.

எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். அவர் நாற்காலிப் பக்கத்தில் ஒரு சிகரெட் கொளுத்தி வைத்தேன். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் ஒன்று. நான் பிடிப்பதில்லை. கிண்ணத்து விளிம்பில் வைத்துவிட்டால் தானே எரிந்து முடியும். ஜன்னல் சாத்தி. அந்தப் பத்து நிமிடம் அவர் வீட்டில் இருக்கிற மாதிரி. துரையும் சரியாக அந்த நேரத்துக்கு வந்து நாற்காலியில் ஏறிக்கொள்வான்.

ஜூன் 10, செவ்வாய்

சிகரெட் தீர்ந்தது. முனைக் கடை.

“டீச்சர், வூட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?”

“தம்பி வந்திருக்கான்ங்க.”

“பத்து மாசமாவா?” கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் கடைக்காரர். எந்த சிகரெட் என்று நான் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தார்.

இருபத்தேழு வருடம் இந்தப் புகையோடு எத்தனை சண்டை. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் “இதோட விட்டுட்டேன், சத்தியமா” என்பார். மறுநாளே சட்டைப் பையில் தீப்பெட்டி. துவைக்கும்போது நனைந்த தீப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைப்பேன். வெயிலில் காயவைத்துப் பார்ப்பார், மனிதர்.

இருமல்: ஐந்து.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. தருமபுரி. கூடையில் துரை, வழி நெடுகக் கத்தல். மருத்துவமனையில் எனக்கு முன்னால் ஓர் ஆடு, இரண்டு நாய்.

டாக்டர் சின்னப் பெண். என் மகள் மலர் வயதுதான் இருக்கும். நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சில் விசில் மாதிரிச் சத்தம் வருகிறதாம். எக்ஸ்ரே. ஆஸ்துமாவாம். பூனைக்கு வரும் என்றே தெரியாது.

“வூட்ல யாராச்சும் சிகரெட், பீடி புடிக்கறாங்களாங்க?”

“அவர் புடிப்பாருங்க. இப்ப அவர் இல்லை.”

“புகைய மூச்சுல இழுக்கறது மட்டும் இல்லைங்கம்மா. முடி, பாய், சேர் எல்லாத்துலயும் ஒட்டிக்கும். பூனை நாள் பூரா ஒடம்ப நக்கிக்கிட்டே இருக்குதுல்ல, அத்தனையும் உள்ள போவுது. வாய்ல, குடல்ல புத்துநோய்கூட வரலாங்க.”

பிறகு குனிந்து துரையின் முதுகை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மருந்துச் சீட்டை எழுத உட்கார்ந்தார்.

ஊசி ஒன்று. மாத்திரை, காலை மாலை பாதி பாதி. பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். பஸ்ஸும் நின்றது. ஏறவில்லை. கூடையோடு திரும்ப நடந்தேன்.

“நான்தாங்க கொளுத்தி வெக்கறேன்” என்றேன். மீதி சொல்வதற்குள் அழுகை. இன்னும் அங்கேயே இருந்த ஆட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் தண்ணீர் கொடுத்தார். “சார் நெனப்புல செய்யறீங்க, புரியுதுங்கம்மா. ஆனா இவனால தாங்க முடியலைங்களே. நிறுத்திப் பாருங்க, நல்லா குறையும். சுத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன்.”

ஜூன் 13, வெள்ளி

மாலை 7. கை தானாகத் தீப்பெட்டிக்குப் போனது. துரை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தான். கொளுத்தவில்லை. டிவி போட்டேன், அணைத்தேன். கீரை ஆய்ந்தேன்.

மலர் என் வயிற்றில் இருந்தபோது மாதக்கணக்கில் அவர் வீட்டுக்குள் சிகரெட் பிடித்ததே இல்லை. தெருவில் வேப்பமரத்தடியில்தான். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு, ஒரு கையில் சிகரெட். எதிர்வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். பூனைக்கும் ஆகாது என்று யாராவது சொல்லியிருந்தால் துரைக்காகவும் போய் நின்றிருப்பார். கட்டாயம் நின்றிருப்பார். எங்களுக்குத் தெரியாது.

ஜூன் 14, சனி

நல்ல வெயில். செய்தவை:

திரை நான்கு. ஊறவைத்த தண்ணீர் டீ நிறத்தில்.
நாற்காலி உறை, மெத்தை, இரண்டு பாய்.
நாற்காலிக்குப் பின்சுவர், அவர் தலை சாயும் இடம். மூன்று தடவை தேய்த்தும் மஞ்சள் லேசாக இருக்கிறது.
துரையை ஈரத்துணியால் துடைத்தது. என் கையில் இரண்டு கீறல்.
மீதிச் சிகரெட், நனைத்துக் குப்பையில்.

கடைசியாக அவருடைய காக்கிச் சட்டை. அவர் கழற்றிப் போட்டபடியே துவைக்காமல் வைத்திருந்தேன். டீசல், வியர்வை, புகை. துரை படுப்பதே அதன்மேல்தான். முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாளியில் போட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

காற்று. இருமல் ஒன்றே ஒன்று. மாத்திரை விழுங்க வைப்பதற்குள் பெரும்பாடு. குழம்பில் உப்பு போட மறந்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஞாபகம்.

வீட்டில் சோப்பு வாசனை. யாரோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போன மாதிரி இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மலர் ஓசூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாள். வாசலிலேயே நின்றாள், தோளில் பையோடு.

“என்னாம்மா, வூடு என்னமோ மாதிரி இருக்குது. அப்பா வாசனையே காணோம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். சிகரெட், கிண்ணம், டாக்டர், சட்டை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

“ஒவ்வொரு வாட்டியும் கதவு தெறந்ததும் அப்பா உள்ள இருக்காருன்னே தோணும்மா. எப்பிடி இன்னும் வாசனை போவலன்னு நெனச்சிக்குவேன். சொன்னா நீ அழுவேன்னு சொல்லல.”

இரண்டு பேரும் அழுதோம். சாதம் குழைந்துவிட்டது.

மத்தியானம் துரையைத் தூக்கி மடியில் கிடத்தி, அவன் விலாவில் காதை வைத்தாள். நான் கரண்டியோடு நின்றேன்.

“விசில் மாதிரி கேக்குதா?”

“சும்மா இரும்மா.” கண்ணை மூடிக்கொண்டாள். “இல்ல. சொகமா கர்ர்னுதான் கேக்குது.”