தானாக ஆறவிடப்பட்டது

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
ஞாயிறு காலை.

ராம்கிக்கு பார்கவி எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஜெர்மனியில் உனக்குக் குளிர் பழகிவிட்டதா, வாய்க்குப் பிடித்த சாப்பாடு கிடைக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பது முறை. விசாரித்தாயிற்று. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் உன் வேலை மெயிலுக்கு அனுப்புகிறேன். இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவதால் நேரம் பிடிக்கிறது. தயவுசெய்து பாதியில் மூடிவிடாதே.

தம்பி விக்கி மறுபடி கேப் ஓட்டுகிறான். உன் ஹாஸ்டல் வாசலில் ஹெல்மெட்டால் உன் வாயில் அடித்தானே, அதற்கு ஸ்டேஷனில் அவனைக் குப்புறப் போட்டு உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். இன்னும் கிளட்ச்சை மிதிக்கும்போது அவன் முகம் கோணுகிறது. உனக்கு முன்பல் இரண்டு போய்விட்டது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு பல்லும் போயிருக்கலாமே என்றுகூட நினைத்தேன். நீ புகாரைத் திரும்பப் பெற்றதற்கு அம்மா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அவள் சொன்னதைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று அம்மா கேட்டபோது இப்படித்தான் விளக்கினேன். தடித்த எஃகுக் குடுவை, அதற்குள் ஒரு கிண்ணம். மருந்துகளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மூடியை ஸ்பேனர் போட்டு இறுக்கி, இருநூறு டிகிரியில் ஒரு நாள் வேகவிட வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்லிய தாள்கள் விளையும், பார்வைக்கு வெறும் கறுப்புப் பொடி. குக்கர் மாதிரிதான், ஆனால் விசில் கிடையாது. வெளியே எடுத்தால் அதுவாக ஆறும்வரை யாரும் தொடக்கூடாது. அம்மா உடனே, பிறகு ஏன் தொட்டீர்கள் என்று கேட்டாள்.

ஏனென்றால் உனக்கு அன்று மத்தியானம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஸ்லாட் இருந்தது. அதை விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. கொதிக்கும் குடுவையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் திறந்துவிட்டாய். ஆறட்டும்டா என்றேன். "வெளிய ஆறிடுச்சு, நீ கெட்டியா புடி" என்றாய். நான் பிடித்தேன், நீ ஸ்பேனரைத் திருப்பினாய். மூடி என் வலது கண்ணில் வந்து இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் வெளியிலிருந்து கேட்காது ராம்கி, தலைக்குள்ளிருந்து கேட்கும். கொதிநீர் கையில் தோலைக் கையுறையோடு சேர்த்து உரித்தது. அழுகிய முட்டை நாற்றத்தில் மூச்சு முட்டியது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை, மாடி வரைக்கும் கேட்டது என்கிறார்கள்.

ஆட்டோவில் என்னை மடியில் போட்டுக்கொண்டு போனது நம் ஆபீஸ் டோரீன் ஆண்டி. நீ வரவில்லை. பயந்துவிட்டாய் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் பையை எடுக்க ஆண்டி லேபுக்குத் திரும்பியபோது, என் ரத்தம் தோய்ந்த ஏப்ரனை மேசையில் விரித்து அதில் தெறித்திருந்த கறுப்புப் பொடியை நீ சுரண்டிக்கொண்டிருந்தாயாம். லிங்கராஜபுரத்திலிருந்து போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோதுதான் அவர் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். ஸ்லாட்டுக்குச் சரியான நேரத்தில் போய்விட்டாய் அல்லவா?

பொடி நன்றாக வந்திருந்தது, அதை நானும் மறுக்கவில்லை. திடீரென்று குளிர்ந்ததால் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தடிக்க நேரமில்லாமல் போயிற்று. அதனால்தான் வெளிச்சம் பட்டதும் அப்படி ஒளிர்ந்தது, அவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்தது. ஆய்வுக் கட்டுரையில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். செய்முறையில் மட்டும், "குடுவை அறை வெப்பநிலைக்குத் தானாக ஆறவிடப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். இந்த வேலை செய்கிற எல்லோரும் கைப்பழக்கத்தில் எழுதுகிற வரிதான். நீயும் பழக்கத்தில் எழுதினாயா, யோசித்து எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் இடத்தில் லாவண்யா என்று ஒரு ஓசூர்ப் பெண் இருக்கிறாள். உன் கட்டுரையை வைத்துக்கொண்டு அதே பொடியைச் செய்யச் சொல்லியிருக்கிறார் நம் கைடு கோவிந்தப்பா சார். அவள் எழுதியிருக்கிறபடியே ஆறவிடுகிறாள், தாள்கள் தடித்துத்தான் வருகின்றன. போன மாதம் சார் ஸ்பேனரை விட்டெறிந்தார். அது கண்ணாடி அலமாரியில் பட்டு, சில்லு தெறித்து அவள் காது கிழிந்தது. முந்தின பேட்ச் பிள்ளைகளுக்குத் துணிச்சல் இருந்தது, இவளுக்குத்தான் "தைர்ய இல்லம்மா" என்றாராம். தையல் போட்ட காதோடு அவள் அடுத்த நாளும் வேலைக்குப் போனாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, தையல் பிரிப்பதற்குள், அவள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நிஜமாகவே தானாக ஆறவிட்டீர்களா என்று கேட்டாள். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்குக் காட்டினேன். மடங்கிப்போன விரல்களையும் காட்டினேன். குழாயடி, ஸ்பேனர், மூடி என்று ஒன்று விடாமல் சொன்னேன். பயந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"எத்தன நிமிஷத்துல தொறந்தீங்கக்கா?"

அறைந்துவிட்டேன். இடது கையில் அவ்வளவு பலம் இருப்பது எனக்கே தெரியாது. தையல் பிரிந்து கழுத்தில் ரத்தம் வழிந்தது. அம்மா ஓடிவந்து என்னை இடுப்போடு பிடித்து இழுத்தாள், அப்படியும் மறுபடி அடிக்கப் போனேன். லாவண்யா அழவில்லை. துப்பட்டாவால் காதைப் பொத்திக்கொண்டு, "வேற வழி இல்லக்கா, இன்னும் மூணே வாரத்துல எனக்கு ஸ்லாட்" என்றாள். எச்சரிப்பதாக நினைத்துக்கொண்டு அவளுக்கு இல்லாமலிருந்த அந்த ஒரு செய்முறையை நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அவளைத் தடுக்க நான் செய்யாதது எதுவுமில்லை. நிர்வாகத்துக்கு எழுதினேன், கமிட்டி போடுவார்களாம். ஆண்டி ஸ்பேனரை ஒளித்து வைத்தார், சார் அன்றே புதிது வாங்கிவிட்டார். லாவண்யா என் போனை எடுப்பதில்லை. கட்டுரை வெளியான பத்திரிகைக்கும் எழுதினேன். விபத்துக்குப் பிறகு எனக்குப் புத்தி சரியில்லை என்று சார் பதில் எழுதிவிட்டார். கட்டுரையின் முதல் ஆசிரியர் என்ன சொல்கிறாரோ அதன்படி முடிவு செய்கிறோம் என்கிறார்கள். முதல் ஆசிரியர் நீ. அவர்கள் மெயில் உன்னிடம் வந்திருக்கிறது, நீ பதில் போடாமல் வைத்திருக்கிறாய்.

அந்தப் பொடி எங்கே கிடைத்தது என்று எழுது. என் ஏப்ரனிலிருந்து என்று எழுது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டால் சார் அந்தப் பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், அவளிடம் கேட்கவும் மாட்டார். உன் வேலை போகும், பெயர் கெடும். தெரிந்துதான் கேட்கிறேன். விக்கியை உன் காலில் விழச் சொன்னால் விழுவான், நானும் விழுவேன்.

உனக்குச் சாபம் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எழுத வரவில்லை. உன் இரண்டு கண்ணும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் ராம்கி. அவளுக்கும் இன்றைக்கு இரண்டு கண் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை அவளுக்கு ஸ்லாட், புதன்கிழமைக்குள் எழுதிவிடு.

இப்படிக்கு,
உன்னை நம்பிக் குடுவையைப் பிடித்த
பார்கவி